உப்பளத்துக்கு வராத டாக்டர்

மைக் என் கையில். எதிரே அறுபது எழுபது பேர். பம்பாய் மாட்டுங்காவில் ஒரு சின்ன அரங்கம், ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணி இருக்கும்.

பின்வரிசையில் எங்கள் தாராவிப் பையன்கள், நாற்காலியில் உட்காராமல் அதன் முதுகில் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசை முழுக்க மாட்டுங்கா மாமிகள். மடியில் பை, பைக்குள் குடை, மழைக்காலம் முடிந்து எத்தனையோ நாளாகியும் குடை. நடுவில் செம்பூர், டோம்பிவிலிக்காரர்கள். மூலையில் ஸ்டீல் டிரம்மில் காபி. அதன் வாசனை மேடைவரை வந்து, சீக்கிரம் பேசி முடி என்று என்னை அவசரப்படுத்திக்கொண்டிருந்தது.

"ஒரே ஒரு கேள்விதான் கேக்கப்போறேன்" என்றேன்.

கேட்க விடவில்லை. "டாக்டர் எங்கே?" என்று அரங்கமே கத்தியது.

பையன்கள் நாற்காலிகளைத் தட்டினார்கள். ஒரு மாமி குடையால் தரையைத் தட்டினார். என் சித்தி மகன் முருகன் எழுந்து நின்று சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாக அவிழ்த்தான். உள்ளே மஞ்சள் டீ-ஷர்ட். அதில் அதே கேள்வி, தமிழ் வார்த்தைகள், ஆங்கில எழுத்துகள். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளில் பாதிப் பேருக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. அதனால் அப்படி அச்சடித்திருந்தான்.

அதற்கு முன்னாலும் பின்னாலும் அத்தனை பேர் என் பேச்சுக்காகக் கத்தியதில்லை. சந்தோஷத்தில் காது மடல் சூடாகிவிட்டது. இன்னும் ஏழெட்டு நிமிடத்தில் என்ன ஆகப்போகிறது என்று தெரிந்திருந்தால், மைக்கை அப்படியே வைத்துவிட்டு எங்கள் தொண்ணூறு அடி ரோடு வரைக்கும் ஓடியே போயிருப்பேன்.

மத்தியானப் பேய்

போன வாரம் என் முதல் வேலையைப் பற்றி எழுதும்போது, வெள்ளிக்கிழமை மத்தியானங்களில் ஆபீஸ் பாத்ரூமில் ஒளிந்துகொண்டு ஃபோன் பார்த்ததைப் பாதியில் விட்டிருந்தேன். "அப்படி என்னத்தைப் பார்த்தாய்?" என்று மூன்று வாசகர்கள் கேட்டுவிட்டார்கள். பேய்தான் பார்த்தேன்.

'உப்பளத்து விருந்தாளி' தொடரைப் பார்க்காதவர்களுக்கு அதன் கதை. தூத்துக்குடிப் பக்கம் ஓர் உப்பளம். அங்கே மேஸ்திரியாக இருந்தவன் உப்பு அம்பாரம் சரிந்து செத்துப்போகிறான். மனைவி ராஜம் தனியாகிறாள். அடுத்த மாதம் ஒருநாள் உச்சிவெயிலில், நிழல் காலடியில் ஒடுங்கிக் கிடக்கும் நேரத்தில், செத்தவனே வாசலில் வந்து நின்று "சாப்பாடு ஆச்சா?" என்று கேட்கிறான். ராஜம் இலை போடுகிறாள். சோறு, குழம்பு, எதிலும் உப்பு இருக்கக் கூடாது. ஒரு கல் உப்பு பட்டாலும் அவன் கரைந்துவிடுவான்.

இருட்டு இல்லை, ஊளை இல்லை. வெயிலில் வந்து சாப்பிட்டுவிட்டுப் போகிற பேய். தொடரையும் அதற்கேற்ப வெள்ளிக்கிழமை மத்தியானம் சரியாகப் பன்னிரண்டு மணிக்கு விட்டார்கள். நாடெங்கும் எத்தனை பேர் வேலை நேரத்தில் எங்கெங்கே ஒளிந்துகொண்டார்களோ, நான் மூன்றாம் மாடி பாத்ரூமில் கடைசிக் கதவு.

என் பெயர் வேறு இசக்கி. எங்கள் ஊர்ப் பக்கம் இசக்கி அம்மன் என்றால் பேயே பயப்படும். ஆபீஸில் ஆர்வமாகக் கேட்பவர்களிடம் இதைச் சொல்வேன். மறுநாளிலிருந்து என் சாப்பாட்டு டப்பாவிலிருந்து யாரும் கேட்காமல் எதையும் எடுக்க மாட்டார்கள்.

ஆளுக்கொரு கருத்து

தொடர் வந்த இரண்டாம் வாரமே ஃபோனில் ஒரு குரூப் ஆரம்பித்தேன். எங்கள் சால் வரிசை வீடுகளில் இருப்பவர்கள், முருகனின் கூட்டாளிகள், ஆபீஸ் தோழிகள். நான்காம் வாரத்தில் யார் யாரைச் சேர்த்தார்கள் என்றே தெரியாத அளவுக்குப் பெருத்துவிட்டது.

கருத்துகள் என்றால் அப்படிப்பட்ட கருத்துகள்.

கீழ்வீட்டு சந்தனமாரி அக்கா கல்யாணத்துக்கு முன்னால் உப்பளத்தில் வேலை செய்தவர். முதல் பகுதியிலேயே ஃபோனை நிறுத்திப் பெரிதாக்கிப் பார்த்தார். "ஏட்டி, அந்தப் பிள்ள குதிங்காலப் பாத்தியா? வெண்ணெ கணக்கா இருக்கு. உப்பளத்துல நின்ன காலாட்டி அது? வெடிச்சு ரத்தம்லா கசியும். பேய நம்புதேன், இந்தக் கால நம்ப மாட்டேன்."

டிராம்பேயில் சுத்திகரிப்பு ஆலையில் வேலை பார்க்கும் ஒரு மாமா, எல்லாம் கானல்நீர், அறிவியல் பூர்வமாக விளக்கிவிடலாம் என்று வாராவாரம் வாய்ஸ் நோட் போடுவார். "அப்போ இலையில இருந்த சோற யாரு தின்னது?" என்று யாராவது கேட்டால் ஒரு வாரத்துக்குக் காணாமல் போய்விடுவார்.

மாட்டுங்காவிலிருந்து ஒரு மாமியின் கேள்வி: "அவனுக்கு உப்பில்லாம சமைக்கறா, சரி. அவளும் அதையேதான் சாப்பிடறாளா? தனக்குன்னு ஒரு ஊறுகாயாவது ஒளிச்சு வெச்சிண்டிருப்பாளோல்லியோ? அதைக் காட்டவே இல்லையே!" இந்த ஒரு கேள்வியை இரண்டு நாள் விவாதித்தோம். ஊறுகாய்க் கட்சி, ஊறுகாய் மறுப்புக் கட்சி என்று இரண்டாகவே பிரிந்தோம்.

என் அப்பா மோட்டாருக்குக் காயில், அதாவது கம்பிச் சுருள், கட்டும் கடை வைத்திருக்கிறார். தொடரில் ஒரு பகுதிகூட முழுதாகப் பார்க்கவில்லை. செப்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டே ஒரு கண்ணால் பார்த்துவிட்டு, "சரியா சோத்து நேரத்துக்கு வந்து உக்காருதான். அவன் பேயில்லட்டி, மாப்பிள" என்றார். அதைக் குரூப்பில் போட்டேன். அந்த வாரத்தின் சிறந்த கருத்து.

ஆனால் எல்லாரும் சேர்ந்து சொன்ன குறை ஒன்று இருந்தது. ஐந்தாம் பகுதி. ராஜம் அழுகிறாள். அவன் இலையை விட்டு எழுந்து அவள் அருகே வருகிறான். கட். மறுநாள் மத்தியானம், வாசல் காலி. அதற்கப்புறம் அவன் வரவே இல்லை. ஏன் வரவில்லை? ஒரு காரணமும் கிடையாது. ஆங்கிலத்தில் விமர்சனம் எழுதியவர்கள் அதை 'மௌனத்தின் அழகு' என்றார்கள். எங்கள் குரூப்பில் "பேய்க்கு என்ன, டிரான்ஸ்ஃபரா?" என்றார்கள். "புருஷன் பொண்டாட்டி மாதிரியே இல்ல பாஸ், ஹவுஸ் ஓனரும் பேயிங் கெஸ்டும் மாதிரி இருக்காங்க" என்றான் முருகனின் கூட்டாளி ஒருவன்.

தொடர் ஒரு பழைய நாவலிலிருந்து எடுத்தது. இந்த இடத்தில்தான் நான் அந்த நாவலோடு நுழைந்தேன்.

நீல பைண்டு

இந்தக் கதை புத்தகமாக வந்ததே இல்லை. என்றோ ஒரு வாரப் பத்திரிகையில் தொடராக வந்தது. அந்தப் பத்திரிகையும் நின்றுபோய்விட்டது. ஆனால் தமிழ்க் குடும்பங்களில் ஒரு பழக்கம் இருந்ததே, தொடர்கதையை வாராவாரம் கிழித்துச் சேர்த்து, முடிந்ததும் பைண்டு பண்ணி வைப்பது. கிங்ஸ் சர்க்கிள் நடைபாதையில் பழைய புத்தகக் குவியலில் அப்படி ஒரு நீலக் காலிகோ பைண்டு எனக்கு மாட்டியது. முதுகில் மையால் 'உப்பளத்து விருந்தாளி' என்று எழுதியிருந்தது. நடைபாதையிலேயே ஒரு குதி குதித்தேன்.

நான் முனிசிபல் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவள். சின்ன வயதில் அதற்காகக் கேலிக்கு ஆளானவள். இப்போது அந்தக் குரூப்பிலேயே நாவலை வாசிக்கத் தெரிந்த, நாவலைக் கையில் வைத்திருந்த ஒரே ஆள்! மண்டைக்கனம் ஏறாமல் இருக்குமா?

அந்த பைண்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பைண்டு போட்டவர் ஓரத்தைச் சீராக்குகிறேன் என்று மேல்பக்கத்தை நன்றாக உள்ளே வாங்கி வெட்டியிருந்தார். தலைப்பு, அத்தியாய எண், எல்லாம் போய்விட்டன. எல்லா அத்தியாயமும் தலையில்லாத முண்டம்.

இன்னொன்று. கிழித்த தாளின் ஒரு பக்கம் நம் கதை என்றால் மறுபக்கத்தில் தைல விளம்பரமோ, துணுக்கோ, வேறு கதையோ இருக்கும். வாசிப்பவர் தடுமாறக் கூடாது என்று, வேண்டாத பக்கங்களின் மேல் நீலப் பென்சிலால் பெரிய பெருக்கல் குறி போடுவார்கள். என் பைண்டிலும் போட்டிருந்தது. பெருக்கல் போட்ட பக்கத்தை யாரும் வாசிப்பதில்லை. நானும் வாசிக்கவில்லை. இதை மட்டும் நினைவில் வையுங்கள்.

டாக்டர் வருகிறார்

ஐந்தாம் பகுதி வந்த அன்று சாயங்காலம் வீட்டுக்கு ஓடிவந்து அந்த இடத்தைத் தேடினேன். இருந்தது. "ராஜம் அழுதாள். அவன் எழுந்து அவள் அருகே வந்தான்." பக்கம் முடிந்தது. அடுத்த தாளுக்குப் போனேன். நீலப் பெருக்கல். அந்தத் தாளைத் திருப்பினேன்.

"காலை எட்டு மணி. ஆஸ்பத்திரி வாசலில் ஜீப் வந்து நின்றது."

ஜீப்பிலிருந்து டாக்டர் சேகர் இறங்கினார். மலைப்பிரதேசம். பனி. ஆஸ்பத்திரி டெலிஃபோன் பலகையின் முன் உட்கார்ந்திருந்தவள் பெயர் ராஜம். படத்தைப் பார்த்தேன். அதே முகம், அதே மூக்கு, அதே மூக்குத்தி.

உப்பளத்திலிருந்து ஒரே தாவலில் மலைக்கு! எனக்குப் புல்லரித்தது. அந்தக் காலத்திலேயே என்ன துணிச்சல், என்ன டெக்னிக்! மீதி பைண்டு முழுக்க டாக்டர்தான். அவருக்கும் ராஜத்துக்கும் காதல் என்றால் அப்படிக் காதல். மழையில் ஒரே குடை, டெலிஃபோனில் ஒரே மூச்சு.

மறுநாள் காலை குரூப்பில் என் வாய்ஸ் நோட் போனது. "நல்லா கேட்டுக்கோங்க. ராஜம் மறுபிறவி எடுத்திருக்கா. அந்த விருந்தாளிதான் டாக்டர் சேகர். போன ஜென்மத்துல உப்பு பட்டா கரையறவன், இந்த ஜென்மத்துல டாக்டராகி எல்லாருக்கும் உப்பைக் குறைங்கன்னு சொல்றான். புரியுதா அதோட ஆழம்?"

அந்த ஆழத்தில் எல்லாரும் தொப்பென்று விழுந்தார்கள்.

மறுபிறவி பற்றி டாக்டர் கதையில் ஒரு வரி கிடையாது. முழுக்க என் மூளை. ஆனால் அந்த வாய்ஸ் நோட் டோம்பிவிலி லோக்கல் ரயிலின் பெண்கள் பெட்டியில் ஓடியது. எனக்குத் தெரியாத ஒருவர் அதை எனக்கே அனுப்பி, "சிஸ்டர், இதைக் கேளுங்கள்" என்றார். டாக்டர் படத்தை ஃபோட்டோ எடுத்துப் போட்டேன். அதுவும் ஓடியது. ஆறாம் பகுதி வந்தது, டாக்டர் இல்லை. ஏழாம் பகுதி, இல்லை. எட்டோடு தொடர் முடிந்தும் டாக்டர் வரவில்லை. தொடரின் விளம்பரம் எங்கே கண்ணில் பட்டாலும் அதன் கீழே நூற்றுக்கணக்கில் ஒரே வரி: டாக்டர் எங்கே?

முருகன் டீ-ஷர்ட் அச்சடிக்கும் பட்டறையில் வேலை பார்க்கிறான். நான் சொல்லாமலேயே அச்சடித்துவிட்டான்.

செம்பூரிலிருந்து ஒரு ஃபோன்

மாட்டுங்காவில் ரசிகர்கள் கூட்டம் என்று முடிவான வாரம், தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு.

"இசக்கியா? நான் வித்யா. செம்பூர். அந்தத் தொடரை எழுதினவ."

திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"அந்த டாக்டர் வர்ற பக்கங்களை எனக்கு ஃபோட்டோ எடுத்து அனுப்ப முடியுமா?"

"ஏன், உங்ககிட்ட நாவல் இல்லையா?"

குரலைத் தாழ்த்திக்கொண்டாள். அப்புறம் சொன்னாள். அவளுக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. அவர்கள் வீட்டிலும் ஒரு பைண்டு இருந்தது. அம்மா தினமும் மத்தியானம் அதை வாசிக்க, அவள் ஃபோனில் பதிவு செய்து, அதைக் கேட்டுக் கேட்டுத்தான் எட்டுப் பகுதியும் எழுதினாள். போன மழையில் வீட்டுக்குள் தண்ணீர் வந்து அந்த பைண்டு ஊறிக் கூழாகிவிட்டது. அம்மா வாசித்ததில் டாக்டர் இல்லை.

"கம்பெனில கேக்கறா, நீ நாவலை முழுக்கப் படிச்சியா இல்லையான்னு. ஆமான்னு சொன்னா பொய். இல்லேன்னு சொன்னா வேலை போச்சு. இரண்டாவது சீஸன் எனக்குன்னு சொல்லியிருந்தா. இப்போ திங்கக்கிழமை முடிவு பண்ணப்போறாளாம். ஞாயித்துக்கிழமை உங்க மீட்டிங்குக்கு ஆள் அனுப்பி, ரசிகர்கள் பேசறதைப் படம் பிடிச்சுண்டு போய்ப் போட்டுப் பார்க்கப்போறா."

"அம்மா என்ன சொல்றாங்க?"

"ஒரு வரி விடலைன்னு சத்தியம் பண்றா. நீ போட்ட படத்தைப் பார்த்துட்டு, இவ நம்ம ராஜமே இல்லேங்கறா. அதே மூக்கும்மா, பாரும்மான்னேன். மூக்கை வெச்சு என்னடி, போடிங்கறா. நாங்க ரெண்டு பேரும் பேசி நாலு நாளாச்சு."

இந்த இடத்தில் நான் என்ன சொன்னேன் என்பதை எழுதத்தான் இந்த அத்தியாயத்தை இத்தனை வாரம் தள்ளிப்போட்டேன். "முழுசா படிக்காம எழுதினா அப்படித்தான் ஆகும்" என்றேன். சொல்லிவிட்டு, டாக்டர் பக்கங்களை மட்டும் பொறுக்கி எடுத்து அனுப்பினேன். அவளுக்கு உதவி செய்த திருப்தி வேறு.

திருப்பிப் பிடி

மறுபடி அரங்கம், மைக், காபி வாசனை.

வித்யா முன்வரிசையில் ஓரமாக இருந்தாள். என்னைவிட நாலைந்து வயது மூத்தவள், காட்டன் குர்தா, நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். இரண்டு நாற்காலி தள்ளி அவள் அம்மா, கல்யாணி மாமி. நடுவில் இருந்த நாற்காலிகளில் இருவரின் கைப்பைகள். மேடைக்குக் கீழே கம்பெனி அனுப்பிய ரோஹித், ஃபோனைச் சின்ன ஸ்டாண்டில் மாட்டிப் படம் பிடித்துக்கொண்டிருந்தான். தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. கத்தல் எழும்பும்போதெல்லாம் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான்.

"டாக்டர் எங்கேன்னு கேக்கிறவங்களுக்கு நான் சாட்சியோட வந்திருக்கேன்" என்றேன். பைண்டில் அந்தத் தாள், டாக்டர் முதலில் வரும் தாள், எடுத்து எடுத்துக் காட்டியதில் தையல் விட்டுத் தனியாக வந்திருந்தது. அதை உருவித் தலைக்கு மேலே தூக்கிப் படத்தைக் காட்டினேன். விசில் பறந்தது. பிறகு தாளை என் பக்கம் திருப்பி, ஏற்ற இறக்கத்தோடு வாசிக்க ஆரம்பித்தேன்.

"காலை எட்டு மணி. ஆஸ்பத்திரி வாசலில்..."

"கொழந்தே, திருப்பிப் பிடி."

கல்யாணி மாமி. எழுந்து நின்றிருந்தார். நான் டாக்டரை வாசித்துக்கொண்டிருந்த நேரம், தாளின் பின்பக்கம் அவர் முகத்துக்கு நேரே இருந்திருக்கிறது.

"மாமி, அது வேற. பெருக்கல் போட்ட பக்கம்" என்றேன்.

"பெருக்கல் போட்டா என்ன, படம் தெரியறதே. அது நம்மாத்து உப்பு அம்பாரம்னோ? அதுக்கு மேல சூரியன். திருப்பு."

திருப்பினேன். நீலப் பென்சில் கோட்டுக்கு அடியில் ஒரு சின்ன கோட்டோவியம். உப்பு அம்பாரம், மேலே சூரியன். கீழே இரண்டு பத்தி எழுத்து.

"வாசிக்காதே. நான் சொல்றேன், நீ பார்த்துக்கோ" என்றார் மாமி. கண்ணை மூடிக்கொண்டார். "'அவன் நிழல் இலையைத் தொடவில்லை. வெயில் மட்டும் தொட்டது.' இருக்கா?"

இருந்தது. எழுத்துக்கு எழுத்து இருந்தது.

"'ராஜத்துக்குத் தன் வளையல் சத்தமே பெரிதாகக் கேட்டது.'"

அதுவும் இருந்தது. மூன்றாவது வரிக்கு என் கண் போவதற்குள் மாமி மேடைமேல் ஏறிவந்து தாளை வெடுக்கென்று வாங்கிவிட்டார். "போறும். எல்லாருக்கும் புரிஞ்சுடுத்து."

எனக்குப் புரிந்துகொண்டிருந்தது. ஒரே தாள். ஒரு பக்கம் உப்பளம், மறுபக்கம் டாக்டர். அதாவது ஒரே இதழில் இரண்டு தொடர்கதைகள். இரண்டுக்கும் ஒரே ஓவியர், அவருக்கு வரைய வந்தது ஒரே மூக்கு. இரண்டு கதாநாயகிக்கும் ராஜம் என்று பெயர், அந்தக் காலத்தில் தெருவுக்கு நாலு ராஜம். பைண்டின் பழைய சொந்தக்காரர் ஒரு வாரம் தாளின் தப்பான பக்கத்தில் பெருக்கல் போட்டுவிட்டார். அடுத்த வாரத்திலிருந்து அந்தப் பெருக்கலை நம்பி டாக்டரைக் கிழித்துச் சேர்த்திருக்கிறார். நான் அந்த பைண்டை நம்பினேன். பாதி பம்பாய் என்னை நம்பியது.

"க்யா ஹுவா?" என்றான் ரோஹித். "டாக்டர் மில் கயா?" என்ன ஆயிற்று, டாக்டர் கிடைத்துவிட்டாரா என்கிறான்.

மூன்று டேக்

சிரித்து மழுப்பிவிடலாம் என்று ஒரு நொடி தோன்றியது உண்மை. பாதிப் பேருக்கு என்ன நடந்தது என்றே விளங்கவில்லை. அந்த ஒரு நொடியில் வித்யாவைப் பார்த்தேன். நகம் கடிப்பதை நிறுத்தியிருந்தாள். இந்தக் கூட்டத்தில் அவளுக்காக இந்தியில் பேச வேண்டியவள் நான் ஒருத்திதான்.

ரோஹித்தின் ஃபோனைப் பார்த்துச் சொன்னேன், தப்பு என்னுடையது, வித்யாவுடையது இல்லை என்று. "கல்தி மேரி ஹை, வித்யா கி நஹீ. நாவலில் டாக்டரே கிடையாது."

"ஏக்கா, பயந்துட்டியா? கம்பெனிக்காரன் மிரட்டுதானா?" என்று பின்வரிசையிலிருந்து முருகன் கத்தினான். "டாக்டர் உண்டு!" நாற்காலிகள் தடதடத்தன.

ரோஹித் தலையைச் சொறிந்தான். சத்தத்தில் சரியாகப் பதிவாகவில்லையாம். இன்னொரு முறை.

இரண்டாம் முறை சொல்லி முடிக்கும் நேரம் காபி டிரம்மின் மூடி விழுந்து வட்டமடித்தது. மூன்றாம் முறைக்குள் எனக்கே என் வசனம் பழகிவிட்டது. குரலில் நடுக்கம், கண்ணில் ஈரம், கையை நெஞ்சில் வைத்துக்கொண்டேன். ரோஹித் ஃபோனைத் தாழ்த்தினான். "தீதி, தோடா கம்." கொஞ்சம் குறைத்து அழச் சொல்கிறான்! மன்னிப்புக் கேட்கவும் மூன்று டேக் வாங்கிய முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

வித்யா எழுந்து வந்தாள். அறையப்போகிறாள் என்றே நினைத்தேன்.

"முதல் டேக்தான் நன்னா இருந்தது. அதையே எடுத்துக்கச் சொல்றேன்" என்றாள். பிறகு அம்மாவிடம் திரும்பினாள். "ஸாரிம்மா. நீ ஒரு வரி விடலைன்னு சொன்னே. நான் நம்பலை."

மாமி முகம் ஒரு மாதிரி போயிற்று. அதைச் சந்தோஷம் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

படிக்கட்டில்

கூட்டம் காபிக்கு நகர்ந்தது. முருகன் சட்டைப் பொத்தான்களை மறுபடி மாட்டிக்கொண்டு, "பட்டறையில இன்னும் ரெண்டு மூட்டை கெடக்கு, எவன் போடுவான்?" என்று என்னிடம் கேட்டான். நான் மாமியைத் தேடிப் போனேன். என் தாள் அவரிடம் இருந்தது.

படிக்கட்டில் பிடித்தேன். தாள் நாலாக மடிந்து கைப்பைக்குள் போயிருந்தது.

"அது எதுக்குடி ஒனக்கு? கிழிஞ்ச தாள்."

"என் பைண்டு மாமி. தைக்கணும்."

தயங்கித் தயங்கிக் கொடுத்தார். பிரித்து, மூன்றாவது வரியிலிருந்து வாசித்தேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

விருந்தாளி ராஜத்தின் அருகே வருகிறான். அவள் கன்னத்தில் கண்ணீர். கண்ணீரில் உப்பு. இருவருக்கும் அது தெரியும். வேண்டாம் என்று அவள் சொல்கிறாள். அவன் குனிந்து, கன்னத்திலிருந்து உதடு வரைக்கும் அந்தக் கண்ணீரை உதட்டால் எடுக்கிறான். முதலில் அவன் உதடு வெளுக்கிறது. அப்புறம் முகம். அவள் கண்ணைத் திறக்கும்போது கைக்குள் வெயில் மட்டும் இருக்கிறது.

பேய் ஏன் வரவில்லை என்று அத்தனை பேர் கேட்டார்களே, அதற்குப் பதில் இது. நாவலின் உயிரே இந்த இரண்டு பத்தி.

"மாமி, இது வித்யாவோட ஐந்தாம் பகுதியில இல்லையே?"

"இல்லை."

"நீங்க..."

"பெத்த பொண்ணு எதிர்ல ஃபோனை நீட்டிண்டு ஒக்காந்திருக்கா. அதுல போய் 'கன்னம்', 'உதடு'ன்னு எப்படிடி வாசிக்கறது? சட்டுனு 'மறுநாள் அவன் வரவில்லை'ன்னு அடுத்த வரிக்குப் போயிட்டேன். ரெண்டே ரெண்டு பத்தி. அதுக்குப் போய் மௌனத்தின் அழகு அது இதுன்னு எழுதினா. சந்தோஷமா இருந்துட்டேன்." கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினார். "அவகிட்ட சொல்லிடாதே. இப்பதான் ஸாரி கேட்டிருக்கா."

சொல்லவில்லை. மறுநாள் வித்யாவே கூப்பிட்டாள். இரண்டாவது சீஸன் அவளுக்குத்தான். கத்திக் கத்தி இருவருக்கும் தொண்டை போனது. அன்றும் சொல்லவில்லை. இத்தனை நாளாகவும் சொல்லவில்லை. பார்க்கும்போதெல்லாம் அவள் அந்த ஐந்தாம் பகுதியைப் பற்றி, எங்கேயோ ஒன்று குறைகிறது, என்ன என்றுதான் தெரியவில்லை என்பாள். நான் பேச்சை மாற்றுவேன்.

இந்தப் பத்திரிகை செம்பூரில் அவர்கள் வீட்டுக்கும் போகிறது. வாராவாரம் என் அத்தியாயத்தை மாமிதான் வித்யாவுக்கு வாசித்துக் காட்டுகிறார். மழையில் போன பைண்டைப் போல இல்லை, இந்தத் தாள் இன்னும் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. மாமி, என்னை மன்னித்துவிடுங்கள். இதற்குமேல் இதை வைத்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. அடுத்த வரிக்குத் தாவுவதா வேண்டாமா என்பது இப்போதும் உங்கள் கையில்தான்.

வித்யா, இது உன் காதில் விழுந்தால் அம்மாவைத் திட்டாதே. இந்தமுறை ஒரு வரிகூட விடாமல் வாசித்திருக்கிறார்.